வளர்பிறையில் ஓர் அமாவாசை

புதிதாகத் தொழிலுக்கு வந்திருக்கும் உங்களில் ஒரு பெண் போன வாரம் என்னிடம் கேட்டாள்: "சார், டெஸ்டர் எரியலைன்னா அங்க கரண்ட் இல்லைன்னுதானே அர்த்தம்?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். மழை வாசனைதான் வந்தது. ஐப்பசி மழை. சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு தறி வீடு. ஈரம் ஊறிய குழி. அந்தக் குழிக்குள் இறங்கப்போகும் ஒரு பாதம். அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தப்பா கேட்டுட்டேனா சார்?" என்றாள். இல்லையம்மா. சரியாகத்தான் கேட்டாய். ஒரு வரியில் சொல்லி முடிக்க எனக்குத்தான் தெரியவில்லை. அதனால் எழுதுகிறேன். உனக்கும், உன்னோடு கையில் டெஸ்டர் எடுத்திருக்கும் எல்லோருக்கும்.

நான் ஏணியிலிருந்து இறங்கிவிட்டேன். வயது ஒன்றும் அதிகமில்லை, தோள்பட்டைதான் போதும் என்று சொல்லிவிட்டது. ஏணி இப்போது கொல்லைச் சுவரில் சாய்ந்திருக்கிறது. அதில் அவரைக்கொடி ஏறிக்கொண்டிருக்கிறது, என்னைவிடத் துணிச்சலாக. சும்மா உட்கார்ந்திருந்தால் நீங்கள் கேட்ட கேள்விகளெல்லாம் ஒவ்வொன்றாக வந்து பக்கத்தில் உட்காருகின்றன. கம்பியில் உட்காரும் காக்காவுக்கு ஏன் ஒன்றும் ஆவதில்லை? எர்த் ஒயர் எதற்கு, அது இல்லாமலே விளக்கு எரிகிறதே? கரண்ட் எங்கிருந்து வருகிறது என்பது சரி, எங்கே போகிறது? இவற்றைக் கேட்டுச் சிரிப்பவரிடம் வேலை கற்காதீர்கள். நான் பார்த்த விபத்துகள் எல்லாமே இந்தக் கேள்விகளில் ஏதோ ஒன்றை யாரோ கேட்காமல் விட்டதால் நடந்தவைதான்.

செண்பகத்தின் கதைக்கு வருகிறேன்.

செண்பகமும் அவள் வீட்டுக்காரர் ஏகாம்பரமும் பட்டு நெய்கிறவர்கள். வீட்டில் இரண்டு தறி. முன்னறைத் தறி அவருடையது, காலால் மிதிப்பது. உள்ளறைத் தறி இவளுடையது. அதில் ஒரு மோட்டார் பொருத்தியிருந்தார்கள். பூவேலைக்கான இழைகளைத் தூக்கிக் கொடுக்கும் சின்ன மோட்டார். முழங்கால் தேயாமல் இருக்க இப்போது பல வீடுகளில் வைத்துக்கொள்கிறார்கள். தறிக்கு மேலே இரும்புச் சட்டத்தில் அது உட்கார்ந்திருக்கும். கீழே தரையில் வெட்டிய மண் குழி. நெய்கிறவர் தரையில் உட்கார்ந்து கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டுக்கொள்வார். வெறுங்கால்தான். தறியில் செருப்போடு யாரும் உட்காரமாட்டார்கள்.

செண்பகம்தான் எனக்குப் போன் செய்தாள். "அண்ணே, சேலை கடிக்குதுண்ணே. வந்து பாருங்க."

போனேன். காலை முழுக்கத் தூறிக்கொண்டிருந்தது. கோயில் மதிலில் ஈரம் ஏறியிருந்தது. தெருவில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் தறிச்சத்தம் மழையோடு கலந்து வந்தது. எது தூறல், எது தறி என்று பிரிக்க முடியவில்லை. மொத்தத் தெருவும் வானத்திலிருந்து இழை இழையாக இறக்கி நெய்துகொண்டிருப்பதுபோல் இருந்தது. நனைந்த செருப்பை வாசலில் விட்டேன்.

"வாங்கண்ணே வாங்க" என்றார் ஏகாம்பரம். "சேலைக்கு வைத்தியம் பாக்க வந்துக்கிறீங்களா? எனக்குத் தெரிஞ்சி சேலைக்கு ஷாக் அடிக்குதுன்னு சொன்ன மொத ஆளு இவதான்."

"சேலைக்கு இல்ல, எனக்கு" என்றாள் செண்பகம்.

விஷயம் இதுதான். சில மாதங்களாக நெய்யும்போது அவள் வலக்கை விரல்களில் சுருக்கென்று ஏதோ கடிக்கிறது. மழை தொடங்கியபின் கடி முழங்கைவரை ஏறுகிறது. டாக்டரிடம் போனார்கள். நரம்புத் தளர்ச்சியாக இருக்கலாம் என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். இரண்டு எலெக்ட்ரீஷியன்கள் வந்து டெஸ்டர் வைத்துப் பார்த்து ஒன்றுமில்லை என்று போய்விட்டார்கள். ஏகாம்பரமே ஒரு நாள் அவள் தறியில் உட்கார்ந்து நெய்து பார்த்தார். அவரைக் கடிக்கவில்லை.

"இந்த மாசம் கடிக்கலதானே?" என்றார் அவளிடம். "மாத்திரை வேலை செய்யுது. ஒத்துக்கினு போவியா!"

"மாத்திரைக்கு முன்னாடியும் நின்னுச்சி. அப்பறம் மறுபடியும் வந்துச்சி. அண்ணே, இது அமாவாசைக்கு அமாவாசை மாறுது. ஒரு அமாவாசை போனா அந்த மாசம் முச்சூடும் கடிக்கும். இன்னொரு அமாவாசை போனா அந்த மாசம் சும்மா இருக்கும். எப்ப எதுன்னு சொல்ல முடியாது."

"கேட்டீங்களா?" ஏகாம்பரம் என்னைப் பார்த்தார். "சந்திரன் வந்து கடிக்குது."

அவர் கேலி செய்தாலும் குரலுக்கு அடியில் பயம் இருந்தது. அவர்கள் வீட்டில் யாருக்கோ முன்பு புத்தி தடுமாறியிருந்தது. பேச்சு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் இருவரும் வேறெங்கோ பார்த்தார்கள். அன்றைக்கு ஒன்றுமில்லை என்று நானும் சொல்லிவிட்டால் செண்பகத்தின் முன்னால் இரண்டே வழிகள். இது மனசிலிருந்து வருவது என்று ஏற்றுக்கொண்டு தறியில் உட்கார வேண்டும். அல்லது தறியை வேறு ஒருவருக்கு விட்டுவிட்டு, கை போன பெண் என்ற பெயரோடு மூலையில் உட்கார வேண்டும். தறியில் கல்யாணச் சேலை ஒன்று முந்தானைக்கு வந்து நின்றிருந்தது. அன்று மாலை அதைக் கல்யாண வீட்டாருக்கு அறுத்துக் கொடுப்பதாகப் பேச்சு.

மெயினை நிறுத்தி இணைப்புகளைப் பார்த்தேன். மறுபடி போட்டு, மோட்டார் சுவிட்சையும் போட்டேன். மோட்டார் உடம்பில் டெஸ்டர் வைத்தேன், எரியவில்லை. இரும்புச் சட்டத்தில் வைத்தேன், எரியவில்லை. சுவிட்ச்போர்டில் வைத்தால் நன்றாக எரிந்தது. ஆக டெஸ்டர் உயிரோடுதான் இருந்தது.

"ஒண்ணும் இல்லைங்க" என்றேன். கண் பார்த்ததை வாய் சொன்னது, அவ்வளவுதான்.

"அதான் நான் தலபாடா அடிச்சிக்கினேன்" என்றார் ஏகாம்பரம். "அண்ணனே சொல்லிட்டாரு. உக்காரும்மா, சாயங்காலம் வந்துருவாங்க."

செண்பகம் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தறியருகே போனாள். தரையில் உட்கார்ந்தாள். ஒரு காலைக் குழிக்குள் இறக்கினாள். குழியின் அடியில் மழை ஊறி மண் கருத்திருந்தது. அவள் பாதம் பட்டதும் அந்த ஈரம் விரல்களுக்கிடையில் மெல்ல ஏறுவதைப் பார்த்தேன். இதுதான் நீங்கள் கவனிக்கவேண்டிய நேரம். டெஸ்டர் ஒன்று சொல்கிறது, ஒரு மனுஷியின் விரல் வேறொன்று சொல்கிறது. இரண்டும் ஏன் முரண்படுகின்றன என்று தெரியாதவரை நம் வேலை முடியவில்லை. ஆனால் அப்போது இவ்வளவு தெளிவாக நினைத்தேன் என்று சொன்னால் பொய். அந்தப் பாதத்தைப் பார்த்தேன். மழை இன்னும் வரும், கடி முழங்கையோடு நிற்காது என்று மட்டும் தோன்றியது.

போய் ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். விளக்கு அணைந்தது. மின்விசிறி தயங்கித் தயங்கி நின்றது.

"இன்னாண்ணே!" ஏகாம்பரம் எழுந்துவிட்டார். "ஒண்ணும் இல்லன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன். இன்னும் தேடி முடிக்கல."

"தேடறதுக்கு இன்னா இருக்குது? சேலை யாரு குடுக்கறது? ஃபியூஸக் குடுங்கண்ணே, தமாசு பண்ணாதீங்க."

"தரமாட்டேன். அம்மா, நீங்க கால மேல எடுங்க."

அவள் எடுத்தாள். இருட்டிய அறையில் ஓட்டு இடுக்கிலிருந்து விழுந்த வெளிச்சம் ஜரிகைக் கரையின்மேல் மட்டும் நின்றது. பட்டு இருட்டோடு போய்விட்டது. ஜரிகை மட்டும் கிடந்து மினுங்கியது. அதைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்: "எங்க கை வெச்சா கடிக்கும்?"

"கரையில. ஜரிகை இழை அறுந்தா எடுத்து முடிவேன் பாருங்க, அப்ப. உடம்புப் பட்டுல கை வெச்சா ஒண்ணும் செய்யாது."

"கரண்ட்டா இருந்தா தறி முச்சூடும் இல்ல கடிக்கணும்?" என்றார் ஏகாம்பரம். மோசமான கேள்வி இல்லை. நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

"அமாவாசை அன்னிக்கு இன்னா செய்வீங்க?" என்று கேட்டேன்.

"நெய்யமாட்டோம். தறிக்கு லீவு. பெருக்கித் தொடச்சி, மஞ்ச குங்குமம் வெச்சி, கற்பூரம் காட்டுவோம்."

"அதை இப்ப செய்யுங்க."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். அப்போது வளர்பிறை. முந்தின அமாவாசை போய்ச் சில நாள்தான் ஆகியிருந்தது.

"இன்னிக்கு அமாவாசை இல்லண்ணே" என்றார் ஏகாம்பரம், குழந்தைக்குச் சொல்வதுபோல. அந்த நிமிஷத்தில் வீட்டில் பைத்தியம் யார் என்பதில் அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

"தெரியும். இருந்தாலும் செய்யுங்க. ஒண்ணு விடாம, எப்பவும் எப்படிச் செய்வீங்களோ அப்படியே."

செண்பகம்தான் முதலில் எழுந்தாள். துடைப்பம் எடுத்தாள். தறியடியில் உதிர்ந்த பட்டு நூல்களைக் கூட்டினாள். சிவப்பும் பச்சையுமாக ஒரு சின்ன மேகம் சேர்ந்தது. ஈரத்துணியால் கட்டைகளைத் துடைத்தாள். மஞ்சள் குழைத்தாள். சன்னலோரம் பக்கத்து வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்து, "இன்னாடி, காலண்டரு மாத்திட்டாங்களா? வடை சுடுவியா, சொல்லு, வந்துர்றேன்" என்றாள்.

"கரண்ட்டுக்காரருக்கு இன்னிக்கி அமாவாசையாம்" என்றார் ஏகாம்பரம். ஆனாலும் கற்பூரத்தைத் தேடி எடுத்துக் கொடுத்தது அவர்தான்.

வளர்பிறை வானத்துக்குக் கீழே, பட்டப்பகலில், மழைக்கு நடுவே அந்த வீட்டுக்குள் ஓர் அமாவாசை வந்து நின்றது. நான் சுவரோரம் நின்று அவள் கைகளை மட்டும் பார்த்தேன். எத்தனையோ வீடுகளில் ஒயரைப் பார்த்திருக்கிறேன், போர்டைப் பார்த்திருக்கிறேன். ஒரு வீட்டின் கைகளை அப்படிப் பார்த்தது அன்றுதான். கை கட்டையைத் துடைத்தது. மோட்டாரைத் துடைக்கும் முன், பழக்கத்தில், சுவரிலிருந்து அதன் பிளக்கை உருவியது. மோட்டாரின் ஒயரைத் துணியால் வழித்துத் துடைத்துக்கொண்டே வந்தது. பிளக்கையும் துடைத்தது. பொட்டு வைத்தது. மறுபடி சுவரில் செருகியது.

இரண்டு முனைப் பிளக்.

அதை இப்படியும் செருகலாம், அப்படியும் செருகலாம். துடைக்கும்போது அது அவள் விரல்களுக்குள் ஒரு முறை புரண்டுவிட்டிருந்தது. உருவியபோது மேலே இருந்த முகம் செருகியபோது கீழே இருந்தது. அவளுக்குத் தெரியாது. யாருக்கும் தெரிந்திருக்காது.

"ரெண்டு பேரும் அந்தக் காய்ஞ்ச பலகை மேல ஏறி நில்லுங்க. எதையும் தொடாதீங்க" என்றேன். நானும் ஒரு பலகையை இழுத்துப் போட்டுக்கொண்டு நின்றேன். ஃபியூஸைச் செருகி, மோட்டார் சுவிட்சைப் போட்டு, இரும்புச் சட்டத்தில் டெஸ்டரை வைத்தேன்.

எரிந்தது. ஆரஞ்சு நிறத்தில் ஒரு சின்ன விழி திறந்ததுபோல.

ஏகாம்பரம் பலகையில் நின்றபடியே எட்டிப் பார்த்தார். பிறகு, "மேல சட்டத்துல இருக்குது, சரி. இவ கை வெக்கறது கீழ ஜரிகையில. பட்டு கரண்ட்ட இழுக்குமாண்ணே?" என்றார்.

தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவு நூலின்மேல் வெளிக் கருவி எதுவும் படக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். வெளி ஆள் கை வைக்கவே விடமாட்டார்கள். முன்பு வந்த இருவரும் அதனால் மேலோடு பார்த்துவிட்டுப் போயிருக்க வேண்டும். சுவிட்சை அணைத்துவிட்டு, தறிக்குப் பின்னால் தொங்கிய பாவின் மிச்ச இழைகளில் ஒரு ஜரிகையையும் ஒரு பட்டிழையையும் வெளியே இழுத்துவிடச் சொன்னேன். அவரே இழுத்துவிட்டுப் பலகைக்குத் திரும்பினார். மறுபடி சுவிட்ச் போட்டேன். பட்டில் வைத்தேன், இருட்டு. ஜரிகையில் வைத்தேன், விழி திறந்தது.

"ஜரிகையில வெள்ளி இருக்குது இல்ல" என்றேன்.

ஏகாம்பரத்தின் முகத்தில் அந்தக் கலவரத்திலும் ஒரு பெருமை வந்து போனது. "அப்ப சரக்கு அசல்தான்!"

"நான் சாவறேன், உனக்கு ஜரிகை அசலா போலியான்னு தெரிஞ்சிக்கணும்" என்றாள் செண்பகம். அப்போதுதான் அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாகி, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "பாத்தியா? பாத்தியா நீ? எனக்கு ஒண்ணும் இல்ல."

நடந்தது இவ்வளவுதான். மோட்டாருக்குள் செப்புச் சுருள் இருக்கிறது, அதற்கு இரண்டு முனைகள். ஒரு முனைக்கருகே உறை நைந்து, கரண்ட் கொஞ்சங்கொஞ்சமாக இரும்பு உடம்புக்குக் கசிந்தது. பிளக்கை ஒரு விதமாகச் செருகினால் அந்த முனை கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரல் பக்கம் விழும், சட்டம் ஊமையாக இருக்கும். புரட்டிச் செருகினால் கரண்ட் வரும் ஃபேஸ் பக்கம் விழும், சட்டம் விழித்துக்கொள்ளும். கரையின் ஜரிகை இழைகளை இழுத்துப் பிடிக்கும் இரும்புக் கம்பி அந்தச் சட்டத்திலேயே மாட்டியிருந்தது. சட்டத்திலிருந்து கம்பிக்கு, கம்பியிலிருந்து ஜரிகைக்கு, ஜரிகையிலிருந்து அவள் விரலுக்கு, விரலிலிருந்து குழியின் ஈரத்துக்கு. அமாவாசைக்கு அமாவாசை மட்டும் யாராவது பிளக்கைத் தொடுவார்கள். அது எப்படிப் புரள்கிறதோ அதுதான் அந்த மாதத்தின் ஜாதகம். ஏகாம்பரம் உட்கார்ந்து பார்த்தது ஊமை மாதத்தில். அந்த இரண்டு பேர் வந்ததும் அப்படித்தான். நான் வந்ததும்.

காக்காவுக்கு ஏன் ஒன்றும் ஆவதில்லை என்று கேட்டீர்களே. அது ஒரே இடத்தைத்தான் தொடுகிறது. கரண்டுக்கு வரும் வழி இருக்கிறது, போகும் வழி இல்லை. காக்காவுக்குக் குழியில் கால் இல்லை. செண்பகத்துக்கு இருந்தது.

அன்று மோட்டாரைக் கழற்றி வெளியே வைத்தேன். ஏகாம்பரம் தன் தறியை விட்டு வந்து மேலே பூவேலை இழைகளைத் தூக்கும் கயிற்றைக் கையால் இழுத்துக் கொடுக்க, அவள் கீழே உட்கார்ந்து முந்தானையை முடித்தாள். அறுத்துக் கொடுக்க இருட்டிவிட்டது. வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். "மோட்டாரு காய்ச்சல்ல படுத்துச்சிப்பா, மாத்திரை குடுத்திருக்கோம்" என்றார் ஏகாம்பரம்.

மோட்டார் புதுச் சுருளோடு திரும்பி வந்தபோது மூன்று முனைப் பிளக் போட்டேன். கசிவு வந்தால் தானே விழுந்து கரண்டை நிறுத்திவிடும் பிரேக்கர் ஒன்று வைத்தேன். பழைய வீடு, எர்த் என்பதே இல்லை. கொல்லையில் குழி வெட்டி, குழாய் இறக்கி, கரியும் உப்பும் போட்டு மூடினோம். அங்கிருந்து ஒரு கம்பியை மோட்டார் உடம்புவரை கொண்டுபோனேன். செண்பகம் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தக் கம்பி இன்னா செய்யும்ணே?"

"கரண்ட் கசிஞ்சா, யாரையும் தொடாம நேரா மண்ணுக்கு இட்டுக்கினு போயிடும்."

அவள் மூடிய எர்த் குழியைப் பார்த்தாள். பிறகு தன் வலக்கையை மெல்லத் திருப்பி விரல்களைப் பார்த்தாள்.

"அப்ப இத்தினி நாளா இந்த வூட்டுக்கு நான்தான் எர்த்தா இருந்தேனா?"

நான் உப்பு மூட்டையின் வாயைக் கட்டுவதுபோல் குனிந்துகொண்டேன். ஏகாம்பரம் கையில் குடத்தோடு நின்றிருந்தார். எர்த் குழி காயக்கூடாது, அவ்வப்போது தண்ணீர் ஊற்றவேண்டும் என்று நான் சொல்லியிருந்ததால் கொண்டுவந்த குடம். அவர் அதைக் கீழேயும் வைக்கவில்லை, ஊற்றவும் இல்லை.

டெஸ்டர் எரியவில்லை என்றால் என்ன அர்த்தம்? அந்த இடத்தில், அந்த நிமிஷத்தில், பிளக் அப்படி இருக்கையில், எரியவில்லை என்று அர்த்தம். அவ்வளவுதான் அதற்குத் தெரியும். மிச்சத்தை அந்த வீட்டில் இருப்பவர்களிடம் கேளுங்கள். அவர்கள் சந்திரன் என்று சொன்னாலும் சிரிக்காமல், அந்த நாளில் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள்.

போன அமாவாசைக்கு செண்பகம் போன் செய்தாள். கடி இல்லை, மாத்திரையும் இல்லை. தறியைத் துடைத்தாளாம், பிளக்கை உருவினாளாம். மூன்று முனை ஒரு பக்கமாகத்தான் போகிறது, புரட்டிப் பார்த்தேன் போகவில்லை என்று சிரித்தாள்.

"எர்த் குழிக்குத் தண்ணி ஊத்துறீங்களாம்மா?" என்று கேட்டேன்.

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். பின்னால் குடத்திலிருந்து தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

"நான் சொல்லவே இல்லண்ணே. மழ பேஞ்சிக்கினு இருக்குது, அதுலயும் அவரே மொண்டாந்து ஊத்திக்கினு இருக்காரு."